தலை தட்டினால் ஒன்று... குவித்தால் ஒன்று!

ஒரு கப் துருவிய சீஸ் என்றால் எத்தனை கிராம்? ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து வந்து, சமையல் குறிப்பைப் பார்த்து பாஸ்தா செய்ய இறங்கும் எந்த இளைஞரும் மாட்டிக்கொள்கிற கேள்வி இது. கடையில் கிடைப்பது 200 கிராம் பாக்கெட். குறிப்பு கேட்பதோ 'ஒரு கப்'!

அமெரிக்கக் கப்பில் சுமார் 240 மில்லி தண்ணீர் பிடிக்கும். எடையும் ஏறக்குறைய 240 கிராம்தான். அதே கப்பில் செடார் சீஸைத் துருவித் தூவினால் 113 கிராம்தான் வரும். மீதி இடம் காற்றுக்கு! அந்த 200 கிராம் பாக்கெட்டைத் துருவினால் ஒன்றே முக்கால் கப். ஆனால், விரலால் ஒரு அழுத்து அழுத்துங்கள்... இன்னும் ஒரு பிடி உள்ளே போகும். கப் மாறவில்லை, கைதான் மாறியது!

1896-ல் பாஸ்டன் நகரத்துச் சமையல் ஆசிரியை ஃபேனி ஃபார்மர் தன் புத்தகத்தில், கப்பையும் ஸ்பூனையும் சமமாக வழித்துத்தான் அளக்க வேண்டும் என்று கறாராகச் சொன்னார். நம்ம ஊர்ப் பாட்டிகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். 'தலை தட்டி அளக்குறது' என்று இதற்கு நம்மிடம் பெயரே உண்டே!

நம் முன்னோர் பொன்னை நிறுத்தார்கள். நெல்லையும் நெய்யையும் அளந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன் நிறுக்கும் கல்லுக்கும் பெயர் 'ஆடவல்லான்'; நெல் அளக்கும் மரக்காலுக்கும் அதே பெயர். ஒரு விளக்குக்குத் தினம் ஓர் உழக்கு நெய், அதற்கு 96 ஆடுகள் என்று துல்லியக் கணக்கு. கடவுள் பெயர் சூட்டிய பாத்திரத்தில் கைவரிசை காட்ட யாருக்குத் துணிச்சல் வரும்?

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். 1792-ல் பாராமகாலும், திப்பு வீழ்ந்த 1799-ல் ஓசூர்ப் பகுதியும் கம்பெனி கைக்கு வந்தன. மெட்ராஸ் கணக்கில் 3 தோலா ஒரு பலம், 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை. அதாவது, சேர் என்பது சுமார் 280 கிராம் எடை. ஆனால், மைசூர்ச் சீமையில் தானியத்துக்குச் 'சேர்' என்றால் பாத்திரம். நாலு பாவு ஒரு சேர்! 'ஒரு சேர் ராகி' என்றால் நிறுப்பதா, அளப்பதா? இது போதாதென்று, 8 ஆழாக்கு கொண்ட மெட்ராஸ் படி வேறு. அது நூறு கன அங்குலம், சுமார் 1.64 லிட்டர்.

இது வெறும் சமையலறைக் குழப்பம் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். கூலியையே தானியமாக அளந்து போட்ட காலத்தில், அது வயிற்றுப் பிரச்னை. தலை தட்டினால் ஒரு கூலி, குவித்தால் ஒரு கூலி. பாத்திரமே சின்னதாக இருந்துவிட்டால்? 1940-களில் கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர்கள் போராடியபோது, 'கள்ள மரக்கால் வேண்டாம், முத்திரை போட்ட மரக்காலில் அள' என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. சவுக்கடிக்கு எதிராக எழுந்த அதே குரல்தான் மரக்காலுக்கு எதிராகவும் எழுந்தது!

சுதந்திர இந்தியா 1956-ல் சட்டம் போட்டது. 1958 அக்டோபரில் கிலோ கடைக்கு வந்தது. அடுத்த சில வருடங்களில் வீசையும் பலமும் தராசிலிருந்து இறங்கிவிட்டன. ஆழாக்கு மட்டும் அரிசி டிரம்முக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஜூஜூவாடி தாண்டி அந்தப் பக்கம் போனால், கன்னட வீட்டு அரிசிக்கு இன்னமும் பாவுதான்.

சரி, கைவரிசை ஒழிந்ததா? எண்ணெய் சூட்டில் விரியும். அதிக வெப்பநிலையைக் குறிப்பிட்டு 'ஒரு லிட்டர்' என்று அச்சடித்தால், பாக்கெட்டுக்குள் எடை குறையும். 2022-ல் மத்திய அரசு சமையல் எண்ணெய் நிறுவனங்களிடம், 'வெப்பநிலையைப் போடாதீர்கள், லிட்டரோடு எடையையும் போடுங்கள்' என்று சொல்ல வேண்டிவந்தது.

எனவே, அடுத்த முறை எண்ணெய் வாங்கும்போது லிட்டரை மட்டும் பார்க்காதீர்கள்... பக்கத்திலேயே கிராம் எவ்வளவு என்றும் பாருங்கள்!