வத்தலக்குண்டு கிரிஜாவின் முதல் பதினெட்டு வருஷம்

ஜோதிர்லதா கிரிஜாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 1968-இல் இருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனந்த விகடனில் 'அரியும் சிவனும் ஒண்ணு' சிறுகதை வந்த வருஷம் அது. பழமொழியின் முதல் பாதியைத் தலைப்பா வெச்சுட்டு, மறுபாதியை வாசகர் வாய்க்கே விட்டுட்டார். அதற்கப்புறம் சிறுகதை, தொடர்கதை, நாவல் என்று வாராந்தரிகளில் அவர் பேர் இல்லாத காலமே கிடையாது. 2024-இல் அவர் மறைந்தபோது நான் படித்த அஞ்சலிக் குறிப்புகளிலும் அந்தக் கிரிஜாதான் இருந்தார்.

ஆனா அவர் எழுத வந்தது 1968-இல் இல்லை, 1950-இல். பிறந்தது 1935, வத்தலக்குண்டில். கணக்குப் போட்டுப் பாருங்க, பதினைந்து வயசு. ஜிங்லி என்ற சிறுவர் பத்திரிகையில் ரா.கி. ரங்கராஜன்தான் அவரை அறிமுகப்படுத்தினார். அங்கிருந்து விகடன் கதை வரைக்கும் பதினெட்டு வருஷம். பதினைந்து வயசுப் பொண்ணு முப்பத்து மூணு வயசு அம்மாளாகிற காலம் முழுக்க, முதன்மையா இளம் வாசகர்களுக்காக எழுதினார். வாழ்க்கைக் குறிப்புகளில் இந்தப் பதினெட்டு வருஷத்துக்குக் கிடைக்கிற இடம் அரை வாக்கியம்: "சிறுவர் இதழ்களில் எழுதத் தொடங்கி..." அந்தப் புள்ளிகளோடு சரி. இந்தக் கட்டுரை அந்த அரை வாக்கியத்தைப் பற்றியது.

எனக்கு இதில் ஊர்ப்பாசமும் உண்டு, மறைக்கலை. கன்னிவாடியில் உட்கார்ந்துகொண்டு இலக்கிய வரலாறு படித்தால் வத்தலக்குண்டைத் தாண்டிப் போகவே முடியாது. செம்பட்டி போய் வண்டி மாறினால் வந்துவிடுகிற ஊர். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி.ஆர். ராஜமய்யர் (1872–1898) அந்த ஊர்க்காரர். மணிக்கொடியைச் சிறுகதைப் பத்திரிகையாக நடத்திய பி.எஸ். ராமையா அந்த ஊர். எழுத்து பத்திரிகைக்காகக் கைக்காசைக் கரைத்த சி.சு. செல்லப்பாவும் அந்த ஊர்தான். ஒரு சின்ன ஊருக்கு இது கொஞ்சம் அதிகம்தான். எங்க பக்கத்துத் தமிழாசிரியர்கள் இந்த மூணு பேரையும் விரல் மடக்கிச் சொல்வாங்க. நாலாவது விரல் மடங்கினதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. விடுதலைப் போராட்டக் காலத்தை வைத்து கிரிஜா எழுதிய நாவலின் பேரே 'மணிக்கொடி'. அப்படியும் மடங்கலை.

சரி, அந்தப் பதினெட்டு வருஷத்துக்கு வருவோம்.

1940-களின் கடைசியும் 50-களும் சிறுவர் பத்திரிகைகளின் பொற்காலம். புதுக்கோட்டையிலிருந்து மட்டும் எத்தனையோ வந்தன. சென்னையில் அம்புலிமாமா, அணில், கல்கண்டு, ஜிங்லி என்று வரிசை. பல பத்திரிகைகள் ரெண்டு மூணு வருஷத்தில் படுத்துவிட்டன. நின்று விளையாடியது கலைமகள் நிறுவனத்தின் 'கண்ணன்'. 1950-இல் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் வந்தது. ஆசிரியர் ஆர்வி. பெரியவர்களுக்கும் நாவல் எழுதியவர் அவர். குழந்தைகளுக்கு எழுதுவதை இடது கை வேலையாக நினைக்காத சிலரில் ஒருத்தர்.

இந்தப் பத்திரிகைகளைச் "சிறுவர் பத்திரிகை" என்கிறோமே, அந்தச் சொல் என்னை ரொம்ப நாளாக உறுத்துகிறது. சிறுவர் என்றால் யார்? ஆறு வயசுப் பிள்ளைக்கு நிலா, நரி, பாட்டி போதும். பதினாலு வயசுப் பிள்ளைக்குப் போதாது. அதுக்கு வீட்டை விட்டு வெளியே போகணும், ஒரு ரகசியம் வேணும், பெரியவங்க சொல்றது எல்லாம் சரியில்லைங்கிற சந்தேகம் வேணும். அந்தக் காலப் பத்திரிகைகள் இந்த ரெண்டு பேரையும் ஒரே அட்டைக்குள் உட்கார வைத்தன. முன்பக்கம் பாப்பா பாட்டு, நடுவில் துப்பறியும் தொடர்கதை. இன்றைக்கு இங்கிலீஷில் 'யங் அடல்ட்' என்று தனி அலமாரி போட்டு விற்கிற நாவல், தமிழில் அந்த நடுப்பக்கத்தில்தான் பிறந்தது. தனிப் பெயர் வைக்காததால் அது பிறந்ததே பலருக்குத் தெரியாது.

இதற்கு கிரிஜாவை விடத் துலக்கமான சாட்சி ஒருத்தர் இருக்கிறார். அம்பை. 1944-இல் கோயம்புத்தூரில் பிறந்து, மும்பையிலும் பெங்களூரிலும் வளர்ந்தவர். பதினாறு வயசில் 'நந்திமலைச் சாரலிலே' என்று ஒரு துப்பறியும் நாவல் எழுதினார். கண்ணன் நடத்திய நாவல் போட்டியில் அதற்குப் பரிசு. அதாவது, படிக்கிறவர் வயசும் எழுதினவர் வயசும் ஏறக்குறைய ஒண்ணு. 'சிறகுகள் முறியும்', 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' எல்லாம் எழுதி, 2021-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கினவரின் முதல் நாவல் இது. அம்பையைப் பற்றிய கட்டுரைகளிலும் இது அரை வாக்கியம்தான். அவரே தன் எழுத்தின் தொடக்கமாக 'சிறகுகள் முறியு'மைத்தான் சொல்வார். எழுத்தாளருக்கு அந்த உரிமை உண்டு. வரலாறு எழுதுகிறவனுக்குக் கிடையாது.

கொஞ்சம் கடல் தாண்டிப் போய்ப் பார்க்கலாம். அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்து டல்சா ஊரில் எஸ்.இ. ஹின்டன் என்ற பொண்ணு பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஒரு நாவல் எழுத ஆரம்பித்தாள். 1967-இல் 'தி அவுட்சைடர்ஸ்' என்று வந்தது. பெண் பெயரைப் பார்த்தால் ஒதுக்கிவிடுவார்கள் என்று பதிப்பாளர்கள் முதலெழுத்துகளை மட்டும் போடச் சொன்னார்கள். அந்தப் புத்தகத்தை இளையோர் நாவல் என்ற வகையின் தொடக்கக் கற்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். அம்பை எழுதினது அதற்கும் சில வருஷம் முன்னாடி. நான் இங்கே தரத்தை ஒப்பிடலை. நந்திமலைத் துப்பறிதலுக்கும் டல்சா தெருச் சண்டைக்கும் சம்பந்தமே இல்லை. ஒப்பிட வேண்டியது பிறகு நடந்ததை. ஹின்டன் பெரியவளாகியும் அதே வாசகர்களுக்கே எழுதினார். ஏன்னா அந்த வாசகர்களுக்கென்று அங்கே நூலகத்தில் இடம் இருந்தது. அமெரிக்க நூலகச் சங்கம் இளையோர் சேவைக்கென்று தனிப் பிரிவையே 1957-இல் தொடங்கிவிட்டது. நம்ம ஊர்லயும் நூலகத்துக்குக் குறைச்சல் இல்லை. சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948-லேயே வந்தது, சுதந்திர இந்தியாவில் முதல் சட்டம். கிராமம் கிராமமாகக் கிளைகள் வந்தன. ஆனால் எனக்குப் பழக்கமான நூலகங்களில் "சிறுவர் பகுதி" என்று ஒரு அலமாரி, மற்றதெல்லாம் பெரியவர்களுக்கு. நடுவில் ஒன்றும் இல்லை.

அலமாரி இல்லாத இடத்தில் எழுத்தாளர் என்ன செய்வார்? மேலே ஏறுவார். நம்மிடம் இளையோருக்கு எழுதுவது ஒரு ஏணிப்படி. கால் வைக்கலாம், உட்காரக் கூடாது. கிரிஜா அஞ்சல் துறை வேலையைப் பார்த்துக்கொண்டே பதினெட்டு வருஷம் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 1968-இல் விகடன் கதவு திறந்தபோது அவர் "வளர்ந்துவிட்டதாக" எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். பெண்ணின் வேலை, வரதட்சணை, வீட்டுக்குள்ளே நடக்கிற அநியாயம் என்று பிறகு அவர் விடாமல் எழுதினாரே, அந்த நேர்ப்பேச்சை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பதினாலு வயசு வாசகர்கள் என்று நான் நினைக்கிறேன். அந்த வயசுக்காரனிடம் சுற்றி வளைத்துப் பேசினால் புத்தகத்தை மூடிவிடுவான். விமர்சகர்கள் இதை "பிரச்சாரம்" என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கலைநுட்பம் குறைவு என்று சொல்லுங்க, ஒத்துக்கிறேன்.

ஏணிப்படியாக நினைக்காத ஒரு ஆளும் உண்டு, தமிழ்வாணன். கல்கண்டுக்கு ஆசிரியராகி, 1977-இல் இறக்கும் வரை அதை நடத்தினார். சங்கர்லால் துப்பறியும் நாவல்களைப் படித்து வளர்ந்த பையன்கள் பேரன் எடுத்த பிறகும் அவரை மறக்கவில்லை. இங்கிலீஷ் கலக்காத உரையாடல், கறுப்புக் கண்ணாடி, தேநீர், விமானப் பயணம். பஸ்ஸுக்கே திண்டுக்கல் வரை நடந்து போன தலைமுறைக்கு இதெல்லாம் சாதாரண விஷயமா? அவர் விற்பனை பெரிசு, இலக்கிய மரியாதை பூஜ்யம். இதுவும் மற்ற எழுத்தாளர்களுக்கு ஒரு பாடமாகத்தான் போயிருக்கும்: அந்தப் பக்கம் போனா திரும்பி வர முடியாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் கண்ணன் நின்றது. கோகுலம் 1972-இல் வந்தது. பிறகு பூந்தளிர், காமிக்ஸ் எல்லாம் வந்தன. அவை சின்னப் பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொண்டன. பதினைந்து வயசுக்காரன் நேரே பாக்கெட் நாவலுக்குப் போய்விட்டான். நானும் அப்படிப் போனவன்தான். நாவல் போட்டி வைத்துப் பதினாறு வயசுப் பொண்ணிடம் கையெழுத்துப் பிரதி வாங்கி அச்சடிக்கிற ஆசிரியர் இல்லாமல் போனதுதான் உண்மையான நஷ்டம்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறுகிறது. சாகித்திய அகாதெமி 2010-இல் பால சாகித்திய புரஸ்கார் கொடுக்கத் தொடங்கியபோது, தமிழுக்கு முதல் விருது 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி'க்கு. எழுதின ம. கமலவேலன் நம்ம திண்டுக்கல்காரர். அடுத்து யுவ புரஸ்கார் வந்தது. பேரைக் கேட்டு ஏமாறாதீங்க, அது 35 வயசுக்கு உட்பட்ட எழுத்தாளர்களுக்கு, இளம் வாசகர்களுக்கான எழுத்துக்கு இல்லை.

கிரிஜாவின் வாராந்தரிக் கதைகள் நூலாக வந்திருக்கின்றன, இணையத்திலும் நிறைய கிடைக்கின்றன. ஜிங்லி காலத்தில் எழுதினது அப்படி எளிதாகக் கைக்கு வராது. பிள்ளைகள் படித்த பத்திரிகை கிழிந்துதான் போகும், அதுதான் அதற்கு மரியாதை. மிஞ்சினது பழைய பேப்பர் கடைக்குப் போனது. பழைய இதழ்களைக் காப்பாற்றி வைக்க சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மாதிரி இடங்கள் இருக்கின்றன. வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, சின்னாளபட்டிப் பக்கம் உள்ளவர்களே, பாட்டி வீட்டுப் பரணில் அட்டை போன கண்ணன், ஜிங்லி பைண்டு ஏதாவது கிடந்தால் கிலோ கணக்கில் போட்டுவிடாதீங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, நானே பஸ் ஏறி வந்து வாங்கிக்கிறேன்.