2014 தேசிய தகவலியல் மையச் சான்றிதழ் நிகழ்வு

2014 தேசிய தகவலியல் மையச் சான்றிதழ் நிகழ்வு என்பது, இந்திய அரசின் தேசிய தகவலியல் மையத்தின் சான்றளிப்பு அமைப்பிலிருந்து கூகுள், யாகூ தளங்களின் பெயரில் அனுமதியற்ற டிஜிட்டல் சான்றிதழ்கள் வெளியானதைக் குறிக்கும். குறியாக்க இணைப்பில் கோளாறு தோன்றும்போது எந்த விவரங்களைத் திரட்டினால் காரணம் புலப்படும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

பின்னணி

உலாவி ஒரு தளத்துடன் குறியாக்க இணைப்பை ஏற்படுத்தும்போது, அத்தளம் தன் சான்றிதழைக் காட்டுகிறது. தளத்தின் பெயர், வழங்கிய அமைப்பு, தொடர் எண், செல்லுபடியாகும் காலம் ஆகியவை அதில் இருக்கும். அச்சான்றிதழை இடைநிலைச் சான்றிதழும், இடைநிலைச் சான்றிதழை வேர்ச் சான்றிதழும் உறுதி செய்கின்றன. இந்தச் சங்கிலி உலாவி நம்பும் வேரில் முடிந்தால் உலாவி அச்சான்றிதழை ஏற்கும்.

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன்படி அமைந்த சான்றளிப்பு அதிகாரிகளின் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் வேர்ச் சான்றிதழைப் பராமரிக்கிறது. 1976-இல் தொடங்கப்பட்ட தேசிய தகவலியல் மையம் அதன்கீழ் இடைநிலைச் சான்றிதழ்களை வைத்திருந்தது.

நிகழ்வு

2014 ஜூலை 2 அன்று தன் தளங்களின் பெயரில் இருந்த அனுமதியற்ற சான்றிதழ்களை கூகுள் அறிந்தது. மறுநாளே கட்டுப்பாட்டாளர் அலுவலகம் மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்கள் அனைத்தையும் திரும்பப் பெற்றது. இதனால் அவற்றின்கீழ் முறையாகப் பெறப்பட்டிருந்த சான்றிதழ்களும் செல்லாதவையாயின.

மையத்தின் வழங்கல் முறை ஊடுருவப்பட்டது என்றும், ஜூன் 25 முதல் நான்கு சான்றிதழ்கள் மட்டுமே தவறாக வழங்கப்பட்டன என்றும் ஜூலை 8 அன்று கட்டுப்பாட்டாளர் அலுவலகம் தெரிவித்தது. அந்த நான்கில் இல்லாத சான்றிதழ்களும் தனக்குத் தெரியவந்துள்ளதாகக் கூறிய கூகுள், ஊடுருவலின் அளவு தெரியவில்லை என்ற முடிவுக்கு வந்தது.

உலாவிகளிடையே வேறுபாடு

ஒரே சான்றிதழ் எல்லாக் கணினிகளிலும் ஒரே விளைவைத் தரவில்லை. இந்திய வேர்ச் சான்றிதழ் மைக்ரோசாப்டின் நம்பிக்கைப் பட்டியலில் இருந்ததால் விண்டோஸில் இயங்கிய பெரும்பாலான மென்பொருள்கள் அதை ஏற்றன. ஃபயர்பாக்ஸ் தனக்கெனத் தனிப் பட்டியலை வைத்திருந்ததால் பாதிக்கப்படவில்லை. குரோம், கூகுள் தளங்களுக்குரிய திறவுகளை முன்கூட்டியே தன்னுள் பதிந்து வைத்திருந்ததால், அத்தளங்களின் போலிச் சான்றிதழ்களை விண்டோஸிலும் மறுத்தது. 2011-இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்திலிருந்து வெளியான போலிச் சான்றிதழும் ஈரானில் ஒரு பயனருக்குக் குரோம் காட்டிய எச்சரிக்கையாலேயே வெளிப்பட்டது.

கடலூர், சிதம்பரம்

இதன்பின் குரோமில் இந்திய வேர்ச் சான்றிதழின் ஏற்பை ஏழு பெயர்வெளிகளுக்குள் சுருக்குவதாகக் கூகுள் அறிவித்தது. கவ்.இன், நிக்.இன், ஏசி.இன் ஆகியவை அவற்றுள் அடங்கும். கடலூர் மாவட்ட நிர்வாகத்தின் தளம் நிக்.இன் என்றும், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தளம் ஏசி.இன் என்றும் முடிபவை. எனவே இரண்டும் அப்போது அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் வந்தன. அதே ஊர்களில் டாட் காம் என முடியும் ஒரு தளம் அந்த வேரின்கீழ் சான்றிதழ் பெற்றிருந்தால், வழங்கியில் எந்தப் பழுதும் இல்லாமலே குரோம் அதை மறுத்திருக்கும்.

திரட்டப்படும் விவரங்கள்

கணினியின் தேதி தவறினாலும் சான்றளிப்பு அமைப்பே ஊடுருவப்பட்டாலும் பயனர் காண்பது ஏறத்தாழ ஒரே எச்சரிக்கைதான். ஆகவே பிழைக் குறியீடு, கணினியின் நேரம், உலாவி மற்றும் இயங்குதளப் பதிப்புகள், முழுச் சான்றிதழ்ச் சங்கிலி, தொடர் எண் ஆகியவை முதலில் குறிக்கப்படுகின்றன. வேறொரு இணைய இணைப்பிலும் சோதித்து ஒப்பிடுவது வழக்கம். சங்கிலியைப் பெற ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியும், இணைப்பின் தொடக்க உரையாடலைப் பதிய வயர்ஷார்க்கும் பயன்படுகின்றன. அமர்வுத் திறவுகளைக் கொண்ட கோப்பு, பதிவான உரையாடலின் உள்ளடக்கத்தையே திறந்துவிடும் என்பதால் அதைப் பிறருக்கு அனுப்புவது ஆபத்தானது.

பின்விளைவு

வழங்கப்படும் சான்றிதழ்களைப் பொதுப் பதிவேடுகளில் சேர்க்கும் முறை 2013-இல் வரையறுக்கப்பட்டது. 2018 ஏப்ரல் 30-க்குப் பின் வழங்கப்படும் சான்றிதழ்களுக்கு குரோம் இதைக் கட்டாயமாக்கியது. 2014-இல் நான்கு என்ற கணக்கைச் சரிபார்க்க வெளியாருக்கு வழியில்லை. இப்போது தன் தளத்தின் பெயரில் யார் சான்றிதழ் வழங்கியுள்ளனர் என்பதை எவரும் அப்பதிவேடுகளில் தேடிப் பார்க்கலாம்.