'உயிர் தப்பினர்' என்னும் தொடர்

2024ஆம் ஆண்டு அக்டோபர் 11, ஆயுத பூசை நாள். பாகூரில் எங்கள் தெருவில் டிராக்டருக்கும் மிதிவண்டிக்கும் பொட்டிட்டு மாலை சூட்டிப் பொரிகடலை பங்கிட்டுக்கொண்டிருந்த மாலைப்பொழுதில், எதிர்வீட்டு அம்மா பதறி வந்து, "சார், டிவியப் போடுங்க" என்றார். அவருடைய மகன் சார்ஜாவில் பணிபுரிபவர். அன்று அவர் பயணம் செய்யவில்லை என்பதை அம்மாவும் அறிவார். ஆயினும் இரவு எட்டேகால் மணிவரை இருந்த இடத்தைவிட்டு அவர் எழவில்லை.

திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் அமைப்பு பழுதுற்றது. உள்ளே 140க்கும் மேற்பட்டோர். விமானம் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமிட்டுப் பின் பத்திரமாகத் தரையிறங்கியது. அந்தப் போயிங் 737 வகைக்கு எரிபொருளை வானில் கொட்டிவிடும் வசதி கிடையாது. பறந்து எரித்துத்தான் எடையைக் குறைத்தாக வேண்டும். ஆகவே வட்டமிடல் தத்தளிப்பன்று, முறையான முன்னெச்சரிக்கை. நாங்கள் பார்த்த அலைவரிசையில் இக்காரணம் சொல்லப்படாமலில்லை; ஆனால் அடியில் ஓடும் சிற்றெழுத்தாகவே அது கடந்து சென்றது. திரையை நிறைத்தவை ஆம்புலன்ஸ்களும் தீயணைப்பு வண்டிகளுமே.

'அவசரநிலை' என்ற ஒரு சொல்லும் குழப்பத்தை வளர்த்தது. நிலையம் அவசரகால ஆயத்தம் செய்தது உண்மை. விமானிகள் அவசரநிலையை அறிவிக்கவில்லை என்று நிறுவனம் விளக்கியதும் உண்மை. இரண்டும் வெவ்வேறு செயல்கள்; செய்தியிலோ ஒன்றாகிப்போயின. 'உயிர் தப்பினர்' என்னும் வழக்கமான தொடரும் அத்தகையதே. தப்புதல் என்றால் துரத்திய ஒன்று இருந்தாக வேண்டும். 'தரையிறங்கினர்' என்று எழுதினால் அந்தத் துரத்தல் மறைந்துவிடும். செய்தியின் சூடும் குறைந்துவிடும்.

இதனோடு ஒப்புநோக்க வேண்டிய நிகழ்வு, ஆறாண்டுக்கு ஒருநாள் குறைய, அதே திருச்சியில் நடந்தது. 2018 அக்டோபர் 12 நள்ளிரவுக்குப் பின், துபாய்க்குக் கிளம்பிய அதே நிறுவனத்தின் விமானம் ஓடுபாதைக்கு அப்பாலிருந்த ஆன்டெனாவிலும் சுற்றுச்சுவரிலும் மோதியபடியே மேலெழுந்தது. அடிப்பகுதி சேதமுற்ற அவ்விமானம் 136 பேருடன் மூன்று மணி நேரத்துக்கும் மேல் பறந்து, மும்பைக்குத் திருப்பப்பட்டுப் பத்திரமாக இறங்கியது. மெய்யான பேராபத்து அதுவே. ஆனால் ஊர் உறங்கிக்கொண்டிருந்தது. நேரலையைப் பார்த்து நடுங்க யாருமில்லை. இடிந்த சுவரின் படத்தைத்தான் பின்னர் கண்டோம். ஆக, நம் அச்சத்தை அளப்பது ஆபத்தின் அளவன்று; அதைக் காட்டிக்கொண்டிருக்கும் நேரத்தின் நீளமே.

புதுச்சேரிக்காரனாகிய எனக்கு இவ்விடத்தில் ஆனந்தரங்கப்பிள்ளை நினைவுக்கு வருகிறார். 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில் அவர் துறைக்குக் கப்பல் வந்ததையும் போனதையும் சலிக்காமல் குறித்துவைத்தார். ஒழுங்காக வந்து சேர்ந்த கப்பலும் அவருக்குச் செய்தியாயிற்று. நமக்கோ ஒழுங்காக இறங்கும் விமானங்கள் செய்தியல்ல. அதனாலேயே ஒன்று வட்டமிடும்போது, அது எத்துணை அரிது, எத்துணை இயல்பு என்று எடைபோட நம்மிடம் படிக்கல் இல்லை.

விமானம் இறங்கியபின் எதிர்வீட்டு அம்மா கேட்டார்: "ஏன் சார் அவ்வளவு நேரம் சுத்துச்சு?" எண்ணெயைக் குறைத்து எடையிறக்கத்தான் என்றேன். "இதுக்குத்தானா?" என்று எழுந்தார். இரண்டு மணி நேரம் திரையைப் பார்த்திருந்தவருக்கு அந்த ஒரு வரி போய்ச் சேரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.