டாமிஃப்ளூ மாத்திரைக்கு அடங்காத ஃப்ளூ வைரஸ்: கண்டுபிடிப்பது எப்படி?

ஆடிச் சாரல் ஒரு பக்கம், ஐப்பசி மழை இன்னொரு பக்கம். இரண்டு பருவமழையும் பெய்யும் கன்னியாகுமரி மாவட்டத்தில், மழை தொடங்கினாலே காய்ச்சல், இருமலோடு மருத்துவமனை வருவோர் கூட்டமும் கூடிவிடும். அதில் ஒரு பங்கு இன்ஃப்ளூயன்சா, அதாவது ஃப்ளூ. அது கடுமையானால் டாக்டர்கள் பெரும்பாலும் கொடுப்பது ஓசெல்டாமிவிர். டாமிஃப்ளூ என்று சொன்னால் பலருக்கும் புரியும்.

இந்த மாத்திரை வேலை செய்யாமல் போனால்? ஒருமுறை அப்படியும் நடந்திருக்கிறது.

2008-ல் என்ன ஆச்சு?

2008 ஜனவரியில் நார்வேயில் ஃப்ளூ மாதிரிகளைப் பரிசோதித்தவர்களுக்கு அதிர்ச்சி காத்திருந்தது. அந்த சீசனில் அங்கு பரவிய ஹெச்1என்1 வைரஸ்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஓசெல்டாமிவிருக்கு அடங்கவில்லை. இத்தனைக்கும் நார்வே அந்த மருந்தை அதிகம் பயன்படுத்திய நாடே இல்லை. மருந்தை அள்ளி விழுங்கினால்தான் எதிர்ப்புத்திறன் வரும் என்ற கணக்கு அங்கே பொய்த்தது. அடுத்த ஓராண்டுக்குள் உலகம் முழுக்க அந்த வகை ஹெச்1என்1 வைரஸ் ஏறக்குறைய மொத்தமாக மாறிவிட்டது.

2009-ல் வந்த பன்றிக்காய்ச்சல் வைரஸ், பழைய ஹெச்1என்1 வைரஸை ஓரங்கட்டியது. புதிய வைரஸ் இந்த மருந்துக்கு அடங்கியது. மருந்து தப்பியது அதிர்ஷ்டத்தால்தான், நம் சாமர்த்தியத்தால் அல்ல.

ஒரே ஒரு எழுத்து

நம் செல்லுக்குள் பெருகும் ஃப்ளூ வைரஸ், வெளியே வந்து அடுத்த செல்லைத் தாக்க ஒரு கத்தரிக்கோல் வேண்டும். அதுதான் நியூராமினிடேஸ் என்ற நொதி. அந்தக் கத்தரிக்கோலின் இடுக்கில் போய்ச் சிக்கிக்கொண்டு வெட்டவிடாமல் செய்வதே ஓசெல்டாமிவிரின் வேலை. நொதியின் 275-வது இடத்தில் ஹிஸ்டிடின் போய் டைரோசின் வந்தால் மருந்து சரியாகப் பொருந்தாது. இதைத்தான் எச்275ஒய் மாற்றம் என்கிறார்கள். வைரஸின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறினாலே போதும்.

சாதாரண டெஸ்டில் தெரியுமா?

தெரியாது. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஆசாரிப்பள்ளத்தில் எடுத்தாலும் சென்னையில் எடுத்தாலும், வழக்கமான ஆர்டி-பிசிஆர் பரிசோதனை ஃப்ளூ இருக்கா, எந்த வகை என்பதை மட்டுமே சொல்லும். மருந்துக்கு அடங்குமா என்று அறிய, அந்த மாற்றத்தையே குறிவைத்துத் தேட வேண்டும், அல்லது மரபணு வரிசையைப் படிக்க வேண்டும். இன்னொரு வழி, வைரஸை வளர்த்து மருந்தோடு மோதவிட்டு, நொதியின் வேகத்தைப் பாதியாக்க எவ்வளவு மருந்து தேவைப்படுகிறது என்று அளப்பது. ஃப்ளூ ஏ வகையில் வழக்கத்தைவிட 100 மடங்குக்கு மேல் தேவைப்பட்டால் அது ரெட் சிக்னல்.

எல்லா மாதிரிக்கும் இதைச் செய்ய முடியாது. அதனால் தேர்ந்தெடுத்த மாதிரிகள் மட்டும் பெரிய ஆய்வகங்களுக்குப் போகும். இந்தியாவில் இதற்கு மையம் புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம். அதன் கிளை ஒன்று குமரிக்குப் பக்கத்திலேயே, கேரளத்தின் ஆலப்புழையில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1952 முதல் நடத்தும் ஃப்ளூ கண்காணிப்பு வலையமைப்பில் இந்தியாவும் ஓர் அங்கம்.

இப்போது பயப்பட வேண்டுமா?

சமீப ஆண்டுகளில் உலக அளவில் பரிசோதித்த வைரஸ்களில் மருந்துக்கு அடங்காதவை 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆனாலும் 2011-ல் ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பகுதியில், மாத்திரையைத் தொடாதவர்களிடமே எச்275ஒய் வைரஸ் பரவியது. கண்காணிப்பை நிறுத்த முடியாததற்கு அதுவே காரணம்.

மெடிக்கலில் கேட்டு வாங்கலாமா?

கூடாது. 2017 முதல் ஓசெல்டாமிவிர் அட்டவணை ஹெச்1-ல் இருக்கிறது. டாக்டர் சீட்டு கட்டாயம். லேசான காய்ச்சல், தொண்டை வலிக்கு இந்த மாத்திரையே வேண்டாம் என்கிறது மத்திய அரசின் வழிகாட்டுதல். கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை, இதய நோயாளிகள் மட்டும் காத்திருக்காமல் டாக்டரைப் பார்ப்பது நல்லது. முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் யாராக இருந்தாலும் உடனே மருத்துவமனைதான்.

டாக்டர் எழுதினால் ஐந்து நாள் மாத்திரையையும் முடிக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் உடலில் வைரஸ் நீண்ட நாள் தங்கும். சிகிச்சையின் நடுவிலேயே மாறவும் வாய்ப்பு அதிகம். அவர்களுக்கு மாத்திரை எடுத்தும் காய்ச்சல் விடாவிட்டால், மாதிரியை எதிர்ப்புத்திறன் பரிசோதனைக்கு அனுப்பும்படி டாக்டரிடம் கேட்கலாம். எச்275ஒய் வைரஸாக இருந்தாலும், மூச்சு வழியாக இழுக்கும் சனாமிவிர் பொதுவாக வேலை செய்கிறது.