கறளோடு போராடிய கைகள்: மொறிஸ் மைனரும் நமது ஒட்டு வேலை வரலாறும்

1948ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதி இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு ஒக்ரோபரில், இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட்டில் நடைபெற்ற மோட்டார் கண்காட்சியில் மொறிஸ் மைனர் என்னும் சிறிய கார் முதன்முறையாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அமெரிக்காவின் பற்றெல் ஆய்வு நிறுவனத்தில், வாயுத் திரையின் பாதுகாப்பில் உலோகக் கம்பியைத் தொடர்ச்சியாக உருக்கி ஒட்டும் முறை உருவானதும் அதே ஆண்டிலேயே. இன்று கராஜ்களில் ‘மிக் வெல்டிங்’ எனப்படுவது அதன் வழிவந்ததுதான்.

ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும் இம்மூன்றும் பின்னர் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. சுதந்திர இலங்கையின் வீதிகளில் அந்தக் கார் பெருமளவில் ஓடியது. நாட்டின் பொருளாதார நெருக்கடிகள் அதனைக் கைவிட இடமளிக்கவில்லை. உக்கிப்போன அதன் உடலை ஒட்டி ஒட்டி உயிரோடு வைத்திருந்தவர்கள் நமது தகர வேலைக்காரர்கள். அவர்களுடைய வரலாற்றை எழுத எவரும் அக்கறை கொள்ளவில்லை என்பதே இக்கட்டுரைக்கான காரணம்.

மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1959இல் வெளிவந்த ‘மினி’ காரின் தந்தையும் அவரே. மைனரின் உருவாக்கத்தில் சுவையான ஒரு சம்பவம் உண்டு. மாதிரிக் கார் முழுமை பெற்ற நிலையில், அது ஒடுக்கமாகத் தெரிகிறது என இசிகோனிசுக்குப் பட்டது. காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, இரு பாதிகளையும் மெல்ல விலக்கிப் பார்த்து, நான்கு அங்குலம் விலகியபோது அளவு சரியென முடிவு செய்தார். அந்த நான்கு அங்குலத்தின் தடமாக, முன்மூடியின் நடுவே மேலெழுந்த பட்டையொன்று கடைசிவரை நிலைத்திருந்தது. பிறக்கும் முன்னரே வெட்டி அகட்டப்பட்ட கார் இது. வெட்டுவதும் ஒட்டுவதும் அதன் தலையெழுத்தாகவே அமைந்துவிட்டன எனலாம்.

நிறுவனத்தின் அதிபர் நஃபீல்ட் பிரபு இந்தக் காரை விரும்பவில்லை. ‘அவித்த முட்டை’ என்று இகழ்ந்தாராம். ஆனால் மக்கள் அதனை விரும்பினர். 1960 டிசெம்பரில் பத்து இலட்சமாவது மைனர் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது. அந்த எண்ணிக்கையை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் இதுவே. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது ஏறத்தாழ 16 இலட்சம் மைனர்கள் செய்யப்பட்டிருந்தன.

இந்தக் காரின் உடலமைப்பை விளங்கிக்கொண்டால்தான் கறளின் கொடுமை புரியும். முற்காலக் கார்களில் கனத்த இரும்புச் சட்டகம் ஒன்று தனியாக இருந்தது. உடல் அதன் மீது பொருத்தப்பட்டது. உடல் உக்கினாலும் சட்டகம் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். மொறிஸ் மைனரில் அவ்வாறான தனிச் சட்டகம் இல்லை. ஒரு மில்லிமீற்றரளவே தடிப்புள்ள தகடுகளை மடித்து, புள்ளி புள்ளியாக மின்சாரத்தால் ஒட்டிப் பெட்டிகளாக்கி, அப்பெட்டிகளின் வலிமையிலேயே முழுக் காரும் நிற்கும்படி செய்தார்கள். கதவுகளின் கீழே முன்னிருந்து பின்னாக ஓடும் பெட்டிப் பகுதி, முன்சில்லுகளின் முறுக்குச் சலாகைகளைத் தாங்கும் குறுக்குச் சட்டம், பின்பக்க வில்லுத் தகடுகள் மாட்டப்படும் இடங்கள் ஆகியனவே அதன் முதுகெலும்பு.

கறள் தேடிச் செல்வதும் இதே இடங்களைத்தான். இரும்பும் நீரும் பிராணவாயுவும் சேர்ந்தால் கறள் பிறக்கும்; உப்பு சேர்ந்தால் அது விரையும். கறள் தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்து வீங்கி, ஒட்டிய தகடுகளைப் பிரித்துத் தள்ளும். மூடிய பெட்டிக்குள் புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி உள்ளிருந்தே அரிக்கும். வெளியில் வர்ணம் பளபளக்க, உள்ளே இரும்பு மாவாகிக்கிடக்கும். வர்ணத்தில் ஒரு கொப்புளம் தெரியும் வேளையில் நோய் முற்றிவிட்டது என்றே பொருள். பிரித்தானியாவில் பனிக்கால வீதிகளில் தூவப்படும் உப்பு இந்தக் கார்களைத் தின்றது. இலங்கையில் அந்த வேலையைக் கடற்காற்று செய்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ கடற்காற்று எட்டாத ஊரே இல்லை.

இரும்பை இரும்போடு உருக்கி ஒட்டும் கலை மிகப் பழையதன்று. கல்சியம் காபைட்டிலிருந்து மலிவாக அசற்றிலீன் வாயு பெறும் வழி 1892இல் கண்டறியப்பட்டது. அசற்றிலீனைப் பிராணவாயுவோடு சேர்த்து எரித்தால் 3,000 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் கிடைக்கும் என்பதை 1895இல் பிரெஞ்சு விஞ்ஞானி லு சற்றலியே காட்டினார். சில ஆண்டுகளில் அதற்கான கைவிளக்கும் பிரான்சில் உருவானது. மின்வில்லால் ஒட்டும் முறையோ 1880களில் ரஷ்யாவில் தொடங்கியது. கனத்த இரும்புக்கு மின்வில் சிறந்தது. மெல்லிய தகட்டை அது துளைத்துவிடும். எனவே கார் உடலைத் திருத்துவோர் நெடுங்காலம் வாயுச் சுடரையே நம்பியிருந்தனர்.

இனி இலங்கைக்கு வருவோம். 1950களில் இங்கு வந்திறங்கிய பிரித்தானியக் கார்கள், குறிப்பாக மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஆகியவை, ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், வைத்தியர்கள், வாடகைக் கார்க்காரர்கள் எனப் பலரின் உடைமையாகின. 1957 ஜனவரி முதல் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து புகுத்தப்பட்டதும், அதற்கெதிராகத் தமிழரசுக் கட்சி போராடியதும், எழுத்துகள் மீது தார் பூசப்பட்டதும் வாசகர்கள் அறிந்தவையே. அதற்கு முற்பட்ட ஆங்கில எழுத்துத் தகடுகளோடு இன்றும் காணப்படும் கார்கள் அந்த எழுத்துப் போருக்கும் மூத்தவை.

1960களின் தொடக்கத்தில் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியது. கார் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரையான காலத்தில் கட்டுப்பாடு மேலும் இறுகியது. இந்தியாவும் இறக்குமதியைத் தடுத்தது. ஆனால் அங்கே மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் வழிவந்த அம்பாசிடர் கார் 2014 வரை கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் செய்யப்பட்டது. இலங்கையில் அவ்வாறான பெருந்தொழிற்சாலை இருக்கவில்லை. இருந்ததைத் திருத்தி ஓட்டுவதே வழியாயிற்று. இங்கிலாந்தில் பத்து வயதில் பழைய இரும்புக் கிடங்குக்குப் போன கார், இங்கே முப்பது வயதிலும் கல்யாண ஊர்வலம் போனது. அதனைப் பழமை மீதான காதல் என்று கருதுவது தவறு. வேறு வழியின்மையே அந்தக் கைத்திறனின் தாய்.

இத்தொழிலைக் கற்ற முறையையும் பதிவு செய்தல் வேண்டும். பாடசாலையை இடைநிறுத்திய பையன் ஒருவன் கராஜில் சேர்வான். முதலில் அவனுக்குக் கிடைப்பது கம்பித் தூரிகை. கறளைச் சுரண்டுவதே வேலை. எங்கே கறள் முடிகிறது, எங்கே நல்ல இரும்பு தொடங்குகிறது என்பதைச் சுத்தியலால் தட்டிக் காதால் அறியப் பழகுவான். நல்ல தகடு கணீரென்னும்; உக்கிய தகடு மந்தமாக ஒலிக்கும். பின்னர் தகடு வெட்டவும், மடிக்கவும், வளைவுக்கு ஏற்பத் தட்டி எடுக்கவும் கற்பான். வெல்டிங் கைவிளக்கு அவன் கைக்கு வர ஆண்டுகள் செல்லும்.

ஒரு கையில் சுடர், மறு கையில் கம்பி. சுடரில் பிராணவாயு மிகுந்தால் இரும்பு எரியும். அசற்றிலீன் மிகுந்தால் ஒட்டு நொறுங்கும் தன்மை பெறும். இரண்டும் சமப்பட்ட சுடரை நிறத்தாலேயே அறிய வேண்டும். உருகிய இரும்பின் சிறு குளம் கண்முன்னே நகரும். ஒரு கணம் தாமதித்தால் ஓட்டை விழும். தொடர்ந்து நீளமாக ஒட்டினால் வெப்பத்தில் தகடு நெளியும். எனவே இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளியாகக் குத்தி, ஆறவிட்டு, இடைவெளிகளைப் பின்னர் நிரப்புவார்கள். கதவின் கீழ்ப்பெட்டியை வெட்டுவதற்கு முன் கார் தொய்யாதபடி குறுக்கே முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டுக் கொடுக்காமல் வெட்டினால், புதிய தகடு ஒட்டியபின் கதவு பூட்டாது. பெற்றோல் தாங்கியைக் கழற்றாமல் சுடர் ஏற்றுபவன் தொழில் தெரியாதவன். மைனரில் அந்தத் தாங்கி பின்பெட்டியின் கீழேயே இருக்கிறது. இவை எதுவும் ஏட்டில் எழுதப்படவில்லை. கையிலிருந்து கைக்கு வந்தவை இவை.

இந்தத் திறனுக்கு மிகக் கடுமையான சோதனை 1990இல் வடக்கில் வந்தது. அந்த ஆண்டு ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது, பெற்றோல் தடைசெய்யப்பட்டது. அப்போதுதான் பழைய பிரித்தானியக் கார்களின் மதிப்பு தெரிந்தது. அவற்றின் இயந்திரங்கள் குறைந்த அமுக்க விகிதம் கொண்டவை. சில துளி பெற்றோலை விட்டு இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் புகைத்துக்கொண்டாவது ஓடும். புதிய யப்பானியக் கார்கள் பல அதற்கு இசையவில்லை. ஆகவே கொட்டில்களில் கிடந்த ஏ40களும் கேம்பிரிட்ஜ்களும் மைனர்களும் மீண்டும் வீதிக்கு வந்தன. நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றவை அவைதாம்.

இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் மாற்றாயிற்று. உடலுக்கு மாற்று எது? மின்சாரமற்ற ஊரில் மின்வில் ஏற்ற மின்பிறப்பாக்கி வேண்டும். அதற்கும் எரிபொருள் வேண்டும். வெல்டிங் இயலாத இடத்தில் தகட்டை மடித்துத் தறையாணி அறைந்தார்கள். அது முறையான திருத்தமன்று என்பது செய்தவர்களுக்கே தெரியும். ஆயினும் வாகனம் ஓடியாக வேண்டியிருந்தது. 2002இல் ஏ9 பாதை திறந்தபோது, யாழ்ப்பாண வீதிகளில் இத்தனை பழைய கார்கள் ஓடுவதைக் கண்டு வெளியிலிருந்து வந்தவர்கள் வியந்தார்கள். அருங்காட்சியகம் போலிருக்கிறது என்றனர் சிலர். அருங்காட்சியகத்தில் பொருள்கள் ஓய்வெடுக்கும். இவை ஒரு நாளும் ஓய்ந்ததில்லை.

இவ்வரலாற்றில் ஒரு முரண்நகையும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் 1976 முதல் மொறிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையம் ஒன்றை நடத்தியவர் சார்ள்ஸ் வேர். காரை எறிந்து புதிது வாங்குவதைவிட, அதனைத் திருத்தித் திருத்தி ஆயுள் முழுதும் வைத்திருப்பதே சிக்கனம் என்பது அவர் வாதம். அவர் கூட்டு முயற்சியில் மைனருக்கான உடற்பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டு பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டன. தனக்குக் கார் தந்த நாட்டுக்கே அந்தக் காரின் தகடுகளைச் செய்து அனுப்பும் நிலைக்கு நமது தொழிலாளர் உயர்ந்திருந்தனர்.

இன்று ‘கிளாசிக் கார்’ என்ற பெயரோடு இவை புதிய மதிப்புப் பெற்றுள்ளன. இலட்சக்கணக்கில் விலை பேசுகிறார்கள். முதற்சொந்தக்காரர் யார், எந்த ஆண்டு பதிவு, மூல வர்ணம் எது எனக் கேட்கிறார்கள். இந்தக் கீழ்ப்பெட்டியை ஒட்டியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. எழுபது வயதான மைனர் ஒன்றின் அடிப்பகுதியைத் தூக்கிப் பார்த்தால், தொழிற்சாலைத் தகடு கொஞ்சமே எஞ்சியிருக்கும். மீதி கராஜ்களின் கைவேலை. வாயுச் சுடரின் அகன்ற ஒட்டு, தறையாணி அறைந்த தகடு, மிக் வெல்டிங்கின் ஒழுங்கான புள்ளிகள் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தைச் சொல்லும். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டையும் பொருளாதாரத் தடையையும் அரசாங்க அறிக்கைகளில் படிக்கலாம். காரின் அடியில் படுத்தும் படிக்கலாம்.

அக்கைகள் கொடுத்த விலையும் சிறிதன்று. முகமூடியின்றி மின்வில்லைப் பார்த்து, இரவெல்லாம் கண்ணில் மணல் கொட்டியது போன்ற எரிவோடு கிடந்தவர்கள் அவர்கள். நாகம் பூசிய தகட்டை ஒட்டும்போது எழும் வெண்புகையைச் சுவாசித்துக் காய்ச்சலில் விழுந்தவர்களும் உண்டு. இத்தொழிலை இனிக் கற்போர் கண்ணாடியும் கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் சுடர் ஏற்றக்கூடாது. முன்னோரின் திறனைப் பெற வேண்டும். அவர்களின் நோயைப் பெற வேண்டியதில்லை.

1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது, திருத்துவதைவிட மாற்றுவது எளிதென்ற மனநிலை மெல்லப் பரவியது. 2020இல் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022இல் நாடு கடனைச் செலுத்த இயலாது என அறிவித்தது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனங்களைத் திருத்தக்கூடிய கைகளின் அருமையை நாடு மறுபடியும் உணர்ந்தது. மூத்த தகர வேலைக்காரர்கள் ஒவ்வொருவராக மறைந்துவருகிறார்கள். தொழில்நுட்பக் கல்லூரிகள் வெல்டிங் கற்பிக்கின்றன. உக்கிய தகட்டின் ஒலியைக் கேட்டறியும் செவியை இந்த முதியவர்களே கற்பிக்க முடியும். அவர்களை வகுப்பறைக்கு அழைத்து, பேசவைத்து, பதிவு செய்துகொள்வதற்கு அந்நியச் செலாவணி எதுவும் தேவையில்லை.