பழைய கணினியில் பிராசஸர் மாற்றம்

மேசைக் கணினியின் மதர்போர்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதிலுள்ள நுண்செயலியை மட்டும் கழற்றிவிட்டு, அதே சாக்கெட்டில் உட்காரும் வேகமான வேறொன்றைப் பொருத்துவது பிராசஸர் மாற்றம். பாடநூல் பிராசஸரைச் ‘செயலி’ என்கிறது. அந்தச் சொல்லை இப்போது கைபேசி ஆப்கள் எடுத்துக்கொண்டுவிட்டன; கடையில் ‘பிராசஸர்’ என்றால்தான் புரியும்.

1990-களின் தொடக்கத்திலேயே இன்டெல், 486 கணினிகளுக்கென ‘ஓவர்டிரைவ்’ என்ற பெயரில் மாற்றுச் சில்லுகளைத் தனியாக விற்றது. நம் ஊர் அசெம்பிள்டு கணினிகளில் இன்றும் மாற்றத்துக்கு வருபவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, 2004-இல் வந்த எல்ஜிஏ 775 சாக்கெட். பென்டியம் 4 முதல் கோர் 2 குவாட் வரை இதில்தான் உட்கார்ந்தன. மற்றது, 2011-இல் வந்த எல்ஜிஏ 1155.

சாக்கெட் ஒன்றாக இருந்தாலே போதும் என்று நினைப்பவர்தான் காசை இழக்கிறார். சிப்செட், பயாஸ், மின்சாரம் மூன்றும் ஒத்துவர வேண்டும். 1155-இல் எச்61 சிப்செட் போர்டில் இரண்டு கோர் கொண்ட ஐ3-2120-ஐ எடுத்துவிட்டு நான்கு கோர் ஐ5-3470 போடலாம். 65 வாட் 77 ஆகும், அவ்வளவுதான். ஆனால் பயாஸ் பழையதாக இருந்தால் திரை இருட்டாகவே நிற்கும். பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். கழற்றிய பிறகு நினைவு வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். 775-இல் கோர் 2 குவாட் க்யூ6600-இன் முதல் பதிப்பு 105 வாட் கேட்கும். மலிவான போர்டுகள் சில அதைத் தாங்கா.

எண்ணூர்ப் பக்கத்தில், 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த சடையங்குப்பத்திலிருந்து ஒருவர் பிராசஸர் வாங்கக் கிளம்பினால், போய்ச் சேரும் இடம் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு, அங்கே ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். வாங்கும்போது கடைக்காரரின் போர்டில் போட்டு ‘டிஸ்பிளே’ காட்டச் சொல்வது நல்லது. எல்ஜிஏ வகையில் ஊசிகள் போர்டில்தான் இருக்கும். அதனால் பழைய பிராசஸர் கெடுவது குறைவு, போர்டில் ஊசி வளைவதுதான் அதிகம். தலைமுடி போன்ற 775 ஊசிகளில் ஒன்று சாய்ந்தாலும் கணினி எழாமல் போகலாம்.

வேலை அரை மணி நேரந்தான். விசிறியின் நான்கு பிளாஸ்டிக் கால்களையும் திருகித் தூக்கினால், அடியில் பழைய பேஸ்ட் காய்ந்த விபூதிபோல் உதிரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, புதுப் பேஸ்டை ஒரு பட்டாணி அளவே வைக்க வேண்டும். கால்களை எதிரெதிர் மூலையாக, ‘டக்’ என்று கேட்கும்வரை அழுத்த வேண்டும். ஒரு கால் சரியாகப் பிடிக்காவிட்டால் பிராசஸர் சூடேறி, புதுச் சில்லும் பழையதைப் போலவே ஊரும்.

எண்ணூர்ப் பக்கத்துக் கணினிகளுக்குத் தூசும் உப்புக்காற்றும் கூடுதல் பகை. ஹீட்சிங்க் இதழ்களுக்கிடையே படியும் அடையைத் தட்டிவிட்டாலே பாதி மந்தம் போன கணினிகள் உண்டு. இன்னொன்றும் இருக்கிறது: புழல் ஏரி திறக்கும்போது உபரிநீர் கால்வாய்க்கரை ஊர்களுக்கு வரும் எச்சரிக்கைப் பட்டியலில் மணலியோடு சடையங்குப்பத்தின் பெயரும் வரும். பெட்டியைத் தரையில் வைக்காதிருப்பது இங்கே எந்த மேம்பாட்டையும்விட முக்கியம்.

எந்தப் பிராசஸர் போட்டாலும் 775, 1155 போர்டுகள் விண்டோஸ் 11-இன் தகுதிப் பட்டியலில் ஏறா. அது இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. எஞ்சும் வழி லினக்ஸ். சி-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் ஒரு வகை.

கையில் இருப்பது எச்61 போர்டும் ஐ3-யும் என்றால் ஐ5 தேடி அலைவதில் பொருள் உண்டு. டிடிஆர்2 ராம் போடும் 775 வகை ஜி31 போர்டு என்றால் பிராசஸரை விட்டுவிட்டு, அந்தப் பணத்துக்கு ஓர் எஸ்எஸ்டி வாங்கிப் போடுவதே மேல்.