ஒரு தடவைக்கு மட்டும்

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக உக்கடம் வழியாகப் போக வேண்டியிருந்தது. சிக்னலில் எங்கள் பஸ் நின்றபோது பக்கத்தில் ஒரு லாரி வந்து நின்றது. லாரி நிறைய பழைய அட்டைப் பெட்டிகளை அழுத்திக் கட்டிய பேல்கள். மற்றவர்கள் சரக்கைப் பார்ப்பார்கள். என் கண் கம்பிக்குத்தான் போகும். இருபத்தாறு வருடம் ஒரு பேப்பர் மில்லில் ஸ்டோர்ஸ் பார்த்தவனின் புத்தி அது. மேல் வரிசையில் ஒரு பேலில் நடுக்கட்டு அறுந்து, நுனி ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே ஸ்கூட்டரில் ஒரு பெண், பின்னால் குழந்தை. பச்சை விழுந்து லாரி நகரும் வரை எனக்கு மூச்சு வரவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "கம்பியைப் பற்றிக்கூட எழுதப் போகிறீர்களா?" என்று என் மனைவி கேட்டாள். ரேஷன் கார்டு, ரயில் அட்டவணை, பஞ்சாலைச் சங்கு என்று எல்லாவற்றையும் எழுதியாகிவிட்டது. கம்பி மட்டும் என்ன பாவம் செய்தது?

நம் ஊர்க்காரர்களுக்குப் பேல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பஞ்சுதான். அதன் கதை கப்பலில் தொடங்குகிறது. பஞ்சு எடை குறைவு, இடம் அதிகம். கப்பல்காரன் கூலி வாங்குவது இடத்துக்கு. ஆகவே எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்கு என்று 19-ஆம் நூற்றாண்டில் துறைமுக ஊர்களில் எல்லாம் பிரஸ்கள் வந்தன. நம் தூத்துக்குடியிலும் வந்தன. அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தபோது அந்த நாட்டுப் பஞ்சு இங்கிலாந்துக்குப் போகாமல் நின்றது. லங்காஷயர் மில்கள் இந்தியப் பஞ்சைத் தேடின. கோவை, திருநெல்வேலிச் சீமைகளில் பருத்தி விலை ஏறிய காலம் அது.

அழுத்துவது பிரஸ்ஸின் வேலை. அழுத்தியதை அப்படியே பிடித்து வைப்பது கட்டின் வேலை. முதலில் கயிறு கட்டினார்கள். கயிறு இழுபடும், நனைந்தால் மக்கும், தீப்பிடித்தால் முதலில் அதுதான் போகும். பிறகு இரும்புப் பட்டை வந்தது. அமெரிக்காவில் 'ஆரோ டை' என்று ஒரு பட்டையும் கொக்கியும் பிரபலமாக இருந்தன. ரிட்டயர் ஆன பிறகு அதைப் பற்றிப் படித்தபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்தக் கொக்கியில் ஓர் எழுத்துப் பொறிப்பு இருந்ததாம். ஒரு தடவை பயன்படுத்த மட்டுமே அனுமதி என்பது அதன் பொருள். பஞ்சு மில்லுக்குப் போனதும் பட்டையை வெட்டித்தான் பேலைப் பிரிக்க முடியும். வெட்டிய பட்டையும் கொக்கியும் பழைய இரும்பாக விலைக்குப் போகும். சில வியாபாரிகள் அதை வாங்கி, பட்டைத் துண்டுகளை நிமிர்த்தி, ரிவிட் அடித்து ஒட்டுப்போட்டு, அதே கொக்கியோடு மறுபடி விற்றார்கள். பேட்டண்ட் வைத்திருந்த கம்பெனி வழக்குப் போட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1882-இல் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. பஞ்சு மில்லில் பட்டையை வெட்டியதோடு அதன் உயிர் போய்விட்டது, அதை ஒட்டுப்போட்டு விற்பது பழுதுபார்ப்பது ஆகாது, புதிதாகச் செய்வதுதான் என்பது தீர்ப்பின் சாரம்.

பழசைத் திரும்பப் பயன்படுத்துபவனைக் குற்றவாளியாக்கிய தீர்ப்பு என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கம்பெனிக்கு அதில் தன் லாபம்தான் குறி, பேல் கட்டுகிறவன் உயிரைப் பற்றி அதற்கு என்ன கவலை! ஆனாலும் 'ஒரு தடவைக்கு மட்டும்' என்ற அந்த வாசகம் என்னை விடவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பட்டைக்குப் பக்கத்திலேயே கம்பியும் வளர்ந்தது. 1870-களில் அமெரிக்காவில் கோதுமையை அறுத்துக் கம்பியால் கட்டும் இயந்திரங்கள் வந்தன. விவசாயிகள் கொஞ்ச நாளில் வெறுத்துவிட்டார்கள். கம்பித் துண்டு வைக்கோலோடு மாட்டின் வயிற்றுக்குள் போனது. மாவு மில்லில் தானியத்தோடு கலந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஜான் ஆப்பிள்பி என்பவர் நூல் கயிற்றால் முடிச்சுப் போடும் கருவியைச் செய்ததும் கதிர்க்கட்டில் கம்பியின் காலம் முடிந்தது. வைக்கோல் பேலில் மட்டும் வெகுநாள் நீடித்தது. பழைய வைக்கோல் கம்பியை வைத்து எல்லாவற்றையும் ஒப்பேற்றும் முகாம்களைக் கிண்டல் செய்து பிறந்த சொல்தான், எல்லாம் தாறுமாறாகிவிட்டது என்பதற்கு ஆங்கிலத்தில் சொல்கிற 'ஹேவயர்'.

கட்டுகிறவனுக்குச் சௌகரியமாக இருந்த கம்பி, பிரிக்கிறவன் வீட்டு மாட்டைக் கொன்றது. காகித மில்லில் மாடு இல்லை, பல்ப்பர் இருக்கிறது. அடியில் சுழலி வைத்த பெரிய தொட்டி அது. பழைய பேப்பரையும் தண்ணீரையும் போட்டால் கூழாகும். பேலோடு வந்த கம்பி, பிளாஸ்டிக், சணல் எல்லாம் சுழலில் முறுக்கிக்கொண்டு தடித்த வடமாகிவிடும். அதை ஒரு வின்ச் மெல்ல மெல்ல மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். முழு நீளக் கம்பி வடத்தில் ஏறிவிடும். துண்டுக் கம்பிதான் சண்டாளன். அடியில் இறங்கிச் சுழலியையும் சல்லடையையும் தின்னும். அதனால் எங்கள் மில்லில் தொட்டியில் போடும் முன்பே கம்பியை வெட்டி உருவ ஆட்கள் இருந்தார்கள். வெட்டிய கம்பி சுருள் சுருளாக மலை போலக் கிடக்கும்.

இனி கேஜ் கணக்கு. கம்பியின் நம்பர் கூடினால் தடிமன் குறையும். கம்பியை ஓட்டை வழியாக இழுத்து இழுத்துத்தான் மெலிய வைக்கிறார்கள். எத்தனை தடவை இழுத்தது என்பதை ஒட்டி வந்த நம்பர் அது. முன்பு பர்மிங்காமுக்கு ஒரு கணக்கு, லங்காஷயருக்கு ஒரு கணக்கு. 1884 மார்ச் 1 முதல் பிரிட்டனில் ஒரே அளவு சட்டமானது. நாம் இன்றும் கடையில் கேட்கும் நம்பர் அதுதான். 10 நம்பர் 3.25 மில்லிமீட்டர், 12 நம்பர் 2.64, 14 நம்பர் 2.03. ஒரு மீட்டருக்கு முறையே 65, 43, 25 கிராம்.

எங்கள் மில்லுக்கு ஊருக்குள் ஒரு கொள்முதல் குடோன் இருந்தது. உதிரிப் பேப்பர், அட்டை எல்லாம் அங்கே வந்து பேலாகி மில்லுக்குப் போகும். நாளுக்கு 15 பேல். ஒரு பேலுக்கு ஐந்து கட்டு, கட்டுக்கு நாலு மீட்டர், 12 நம்பர் கறுப்புக் கம்பி. பேலுக்கு 860 கிராம் ஆயிற்று. மாதம் 300 கிலோவுக்கு மேல். இந்தச் செலவைக் குறைக்க வேண்டும் என்று 1993-இல் எனக்கு உத்தரவு.

முதலில் 14 நம்பர் போட்டுப் பார்த்தேன். பேல் வெடித்தது. பிறகுதான் கணக்குப் போட்டேன். 14 நம்பரின் பலம் 12 நம்பரில் ஐந்தில் மூன்று பங்குதான். ஐந்து கட்டு பிடித்ததைப் பிடிக்க எட்டு, ஒன்பது கட்டு வேண்டும். இரும்பின் எடை அதேதான் வருகிறது, முறுக்குகிற கைக்குத்தான் இரட்டை வேலை. அப்போதே நின்றிருக்கலாம். மில்லில் மலையாகக் கிடந்த பழைய கம்பி என் கண்ணை உறுத்தியது. நல்ல நீளமாக இருந்ததைப் பொறுக்கி, நிமிர்த்தி, குடோனுக்குத் திருப்பி அனுப்பினேன். மூன்றில் ஒரு பங்கு பழசு, மீதி புதுசு. மாதம் 100 கிலோ மிச்சம். மேனேஜர் மீட்டிங்கில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்.

குடோனில் பேல் மேஸ்திரி ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். பழைய கம்பி இறங்கிய முதல் நாளே வந்து நின்றார்.

"ஏனுங்க சார், இது வேண்டாமுங்க. ஒருக்கா மடங்குன எடத்துல நோவு இருக்குமுங்க."

"பார்க்க நல்லாத்தானே இருக்கு மேஸ்திரி?"

"பாக்கறதுக்கு நல்லாத்தானுங்க இருக்கும்."

அவர் சொன்னது முழு உலோக சாஸ்திரம். பேல் கம்பியை உலையில் சூடாக்கி மெல்ல ஆறவிட்டு மெதுவாக்குவார்கள். பிரஸ்ஸைத் தளர்த்தியதும் பேல் மூச்சு விடுவது போலக் கொஞ்சம் பெருக்கும். மெது கம்பி கூடவே நீண்டு கொடுக்கும். ஒரு தடவை நீண்டு, முறுக்கி, மடங்கி, நிமிர்ந்த கம்பியில் அந்த மெதுத்தன்மை போய்விடும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்காத பிள்ளை யார்? அதே சங்கதிதான். 12 நம்பர் புதுக்கம்பி ஏறத்தாழ 200 கிலோ இழுவையைத் தாங்கும். மடங்கிய இடத்தில் எவ்வளவு தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

1994 ஆடி மாதம். பிளாஸ்டிக் கலந்த அட்டை, சரியாக மடிக்காத பெட்டிகள். பிரஸ்ஸின் கதவைத் திறந்ததும் மூன்றாவது கட்டு ஒரு பழைய மடிப்பில் அறுந்தது. நுனி சாட்டை போல வந்து, குனிந்து கடைசி முறுக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரியின் இடது கண்ணில் அடித்தது. கண் ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் இருந்தார். பார்வை திரும்பவில்லை. பாதுகாப்புக் கண்ணாடி ஒரு டஜன் ஸ்டோர்ஸ் பீரோவில் இருந்தது. கேட்டுக் கையெழுத்துப் போட்டால் தருவோம் என்பது விதி. சாவி என் இடுப்பில் இருந்தது.

விசாரணையில் 'சரக்கு சரியாக அடுக்கப்படவில்லை' என்று எழுதி முடித்தார்கள். பழைய கம்பியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முப்பது வருடம் கழித்து இங்கேதான் சொல்கிறேன்.

பழைய கம்பியை அன்றோடு நிறுத்தினேன். கண்ணாடியைக் குடோனிலேயே ஆணியடித்து மாட்டினோம். பிறகு மேஸ்திரியே எனக்குச் சிக்கனம் கற்றுக்கொடுத்தார். கட்டுக்கு ஒரு சாண் கம்பி வீணாக நீட்டிக்கொண்டிருந்ததை அளவுக்கட்டை வைத்து வெட்டச் சொன்னார். மாதம் 16 கிலோ மிஞ்சியது. பெட்டிகளைப் பிரித்துத் தட்டையாக்கி அடுக்கினால் பேல் பெருக்காது, 250 கிலோ பிடித்த இடத்தில் 290 பிடிக்கும் என்றார். 15 பேல் 13 ஆனது. அதில் மாதம் 43 கிலோ. ஆக 59 கிலோ. என் 100 கிலோவுக்குக் குறைவுதான். அதற்காக மீட்டிங்கில் யாரும் யாரையும் பாராட்டவில்லை. மேஸ்திரியின் பெயரை நானாவது சொல்லியிருக்கலாம்.

கால்வனைஸ் கம்பி வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். மழையில் மாதக்கணக்கில் வெளியே கிடக்கும் சரக்குக்கு அது சரி. பத்து நாளில் பல்ப்பருக்குப் போகிற பேலுக்குத் துத்தநாகப் பூச்சு எதற்கு? குடோனில் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொண்டால் கறுப்புக் கம்பியே போதும்.

மேஸ்திரி இப்போது பொள்ளாச்சிப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். மாதம் ஒரு தடவை போனில் பேசுவோம். உக்கடத்தில் பார்த்த லாரியைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அறுந்த கம்பி பன்னெண்டுங்களா, பதினாலுங்களா?" என்றார்.

"பஸ்ஸுக்குள்ள இருந்து எப்படித் தெரியும் மேஸ்திரி?"

"நல்லா இருக்குதுங்க சார்," என்று சிரித்தார். "ரெண்டு கண்ணு வெச்சிருக்கற ஆளு, அதப் பாத்திருக்க வேண்டாமுங்களா?"